டெனீஸ் ரெனே

டெனீஸ் ரெனே (ஜூன் 25, 1913 – ஜூலை 9, 2012) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த கலைக்கூட உரிமையாளர் ஆவார். இவரது இயற்பெயர் டெனீஸ் பிளைப்ட்ரொய். 1944 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் தம் பெயரில் ஒரு கலைக்கூடத்தைத் தொடங்கி, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அதனோடு இணைந்திருந்தார். வடிவியல் சார்ந்த அரூபக் கலையையும், இயங்கு கலையையும் ஐரோப்பாவில் நிலைபெறச் செய்தவர்களுள் இவர் முதன்மையானவர். விக்டர் வசரேலி, ஹெசூஸ் ரஃபயேல் சோட்டோ, யாகோவ் ஆகம், ஜான் டிங்கெலி முதலிய கலைஞர்களின் தொடக்ககாலப் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். 1955 ஆம் ஆண்டில் இவரது கூடத்தில் நடைபெற்ற "அசைவு" என்னும் கண்காட்சி, இயங்கு கலையை ஒரு தனிப் போக்காக உலகிற்கு அறிமுகப்படுத்தியதாகக் கருதப்படுகிறது.

டெனீஸ் ரெனே ஓவியரோ சிற்பியோ அல்லர். கலை பற்றிய கோட்பாட்டு நூல்களை எழுதியவரும் அல்லர். எந்தக் கலைஞரைக் காட்சிக்கு வைப்பது, யாரை விலக்குவது, விற்பனையாகாத படைப்புகளை எவ்வளவு காலம் தாங்கிப் பிடிப்பது என்னும் தேர்வுகளின் வழியாகவே இவர் கலை வரலாற்றில் இடம்பெற்றார்.

அரூபக் கலையும் இயங்கு கலையும்

மனிதர், மரம், வீடு போன்ற கண்ணால் காணும் பொருள்களைப் படியெடுக்காமல், நிறம், கோடு, வடிவம் ஆகியவற்றை மட்டுமே கொண்டு உருவாக்கப்படுவது அரூபக் கலை ஆகும். இதில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. வட்டம், சதுரம், நேர்கோடு போன்ற அளந்தெடுத்த வடிவங்களால் ஆனது வடிவியல் அரூபக் கலை. தூரிகையின் வேகம், வண்ணத்தின் தெறிப்பு, கலைஞரின் மனநிலை ஆகியவற்றுக்கு முதலிடம் தருவது உணர்ச்சிவழி அரூபக் கலை.

அசைவையே படைப்பின் பகுதியாகக் கொண்டது இயங்கு கலை. இந்த அசைவு மூன்று வகைகளில் நிகழலாம். மின்னோடியாலோ காற்றாலோ படைப்பு தானே அசையலாம். பார்வையாளர் கையால் அதன் பாகங்களை மாற்றி அமைக்கலாம். படைப்பு அசையாமல் நிற்க, பார்வையாளர் நடக்கும்போது அது மாறுவதுபோல் கண்ணுக்குத் தோன்றலாம். மூன்றாவது வகைக்கு நெருக்கமான, கண்ணின் இயல்பைப் பயன்படுத்தி அசைவுத் தோற்றத்தை உண்டாக்கும் ஓவியங்கள் 1960களில் "ஆப் ஆர்ட்" என்று பெயர்பெற்றன.

கலைக்கூடத்தின் தொடக்கம்

டெனீஸ் ரெனே 1913 ஆம் ஆண்டு பாரிசில் பிறந்தார். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 ஆம் ஆண்டில், பாரிசின் புகழ்பெற்ற காப்பிக் கடையான கஃபே த ஃப்ளோரில் விக்டர் வசரேலியைச் சந்தித்தார். ஹங்கேரியின் பேச் நகரில் 1906 இல் பிறந்த வசரேலி, 1930 முதல் பாரிசில் விளம்பர ஓவியராகப் பணியாற்றி வந்தார். புடாபெஸ்டில் பயின்றபோது, ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியின் சிந்தனைகளை அவர் அறிந்திருந்தார். இச்சந்திப்பு இருவரின் வாழ்க்கையிலும் திருப்புமுனையாக அமைந்தது.

பாரிசின் லா போயெசி தெருவில், 124 ஆம் எண் கட்டிடத்தில் டெனீஸ் ரெனேவுக்கு ஆடை அலங்காரப் பட்டறை ஒன்று இருந்தது. அந்த இடமே பின்னர் கலைக்கூடமாக மாறியது. இத்தெரு போருக்கு முன்பு பாரிசின் கலை வணிகத்தின் மையமாக விளங்கியது. பிக்காசோ இத்தெருவின் 23 ஆம் எண் வீட்டில் வாழ்ந்தார். அவரது படைப்புகளை விற்ற போல் ரோசன்பர்க்கின் கலைக்கூடம் அடுத்த கட்டிடமான 21 ஆம் எண்ணில் இருந்தது. யூதரான ரோசன்பர்க் 1940 இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவரது கட்டிடம் பறிமுதல் செய்யப்பட்டு, யூத எதிர்ப்புப் பரப்புரை நிறுவனம் ஒன்றின் அலுவலகமாக்கப்பட்டது. அரூபக் கலையைச் சீரழிந்த கலை என்று நாசிகள் முத்திரை குத்தியிருந்தனர்.

1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுவிக்கப்பட்டது. அதே ஆண்டில் வசரேலியின் வரைபடங்களையும் வரைகலைப் படைப்புகளையும் கொண்ட கண்காட்சியுடன் டெனீஸ் ரெனே கலைக்கூடம் தொடங்கியது. அதிகப் பொருட்செலவு செய்ய வசதி இல்லாத, பழைய வாடிக்கையாளர் எவரும் இல்லாத இடமாக அது இருந்தது. 1945 ஆம் ஆண்டில் மாக்ஸ் எர்ன்ஸ்ட்டின் படைப்புகள் இங்கு காட்சிக்கு வைக்கப்பட்டன. மிகையதார்த்தவாதியான எர்ன்ஸ்ட்டைத் தேர்ந்தெடுத்ததிலிருந்து, கூடத்தின் திசை அப்போது முழுமையாக முடிவாகவில்லை என்பது தெரிகிறது.

வடிவியல் அரூபக் கலையின் பக்கம்

1946 ஆம் ஆண்டில் ஜான் தெவான், ஜான் தெய்ரோல், ஹான்ஸ் ஹார்ட்டுங், ஜெரார்ட் ஷ்னைடர், மரி ரேமோன் ஆகிய இளம் அரூப ஓவியர்களின் கூட்டுக் கண்காட்சி நடைபெற்றது. இவர்களுள் ஹார்ட்டுங், ஷ்னைடர் இருவரும் உணர்ச்சிவழி அரூபக் கலையைச் சேர்ந்தவர்கள். தெவானும் தெய்ரோலும் வடிவியல் பக்கம் சாய்ந்தவர்கள். அதே ஆண்டில் முதன்முறையாக வழங்கப்பட்ட கண்டின்ஸ்கி பரிசை இவ்விருவரும் பெற்றனர்.

அடுத்த சில ஆண்டுகளில் டெனீஸ் ரெனே இரண்டாம் வழியைத் தெளிவாகத் தேர்ந்தெடுத்தார். 1947 இல் பாரிசுக்கு வந்த டென்மார்க் நாட்டு ஓவியர் ரிச்சர்ட் மோர்ட்டென்சனும் சிற்பி ராபர்ட் யாக்கோப்சனும் கூடத்தில் இணைந்தனர். மூத்த தலைமுறையைச் சேர்ந்த ஓகுஸ்ட் எர்பான், ஆல்பெர்ட்டோ மாஞெல்லி, ஜான் ஆர்ப் ஆகியோரின் படைப்புகளும் இளையவர்களுடன் சேர்த்துக் காட்டப்பட்டன. 1943 இல் காலமான சோஃபி டாய்பர்-ஆர்ப்பின் படைப்புகளும் இவற்றுள் அடங்கும். முன்னோடிகளையும் புதியவர்களையும் ஒரே சுவரில் அருகருகே வைப்பது இக்கூடத்தின் நிலையான வழக்கமாயிற்று. புதிய கலை வேரற்றது அல்ல, அதற்கு ஒரு மரபு உண்டு என்பதைப் பார்வையாளருக்கு உணர்த்துவதே இதன் நோக்கம்.

இந்தத் தேர்வு எளிதானதாக இருக்கவில்லை. 1950 ஆம் ஆண்டில் விமர்சகர் ஷார்ல் எஸ்தியேன், அரூபக் கலை புதியதொரு பள்ளிப் பாடமாக, வரட்டு விதிகளின் தொகுப்பாக மாறிவிட்டதா என்று வினவும் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். அவரது தாக்குதல் வடிவியல் அரூபக் கலையை நோக்கியே அமைந்தது. 1950களில் பாரிசின் விமர்சகர்களும் சேகரிப்பாளர்களும் பெரும்பாலும் உணர்ச்சிவழி ஓவியங்களையே விரும்பினர். அளவுகோலும் வட்டமானியும் கொண்டு வரைந்ததுபோல் தோன்றும் ஓவியங்களுக்கு வாங்குவோர் குறைவாகவே இருந்தனர்.

உள்ளூரில் போதிய ஆதரவு கிடைக்காத நிலையில் டெனீஸ் ரெனே வெளிநாடுகளை நோக்கித் திரும்பினார். 1951 ஆம் ஆண்டின் இறுதியில் "தெளிந்த வடிவம்" என்று பொருள்படும் "கிளார் ஃபார்ம்" கண்காட்சி டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் தொடங்கி ஹெல்சிங்கி, ஸ்டாக்ஹோம், ஓஸ்லோ ஆகிய நகரங்களுக்குச் சென்றது. வட ஐரோப்பிய நாடுகளின் இளம் கலைஞர்கள் பலருக்கு இதுவே வடிவியல் அரூபக் கலையை நேரில் காணும் முதல் வாய்ப்பாக அமைந்தது.

"அசைவு" கண்காட்சி (1955)

1955 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் "அசைவு" என்னும் கண்காட்சி நடைபெற்றது. இதன் பிரெஞ்சுப் பெயர் "ல மூவ்மோன்". வசரேலியும், சுவீடனைச் சேர்ந்த இளம் கலை வரலாற்றாளர் போன்டுஸ் ஹுல்தேனும் இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றினர். எட்டுக் கலைஞர்கள் இதில் பங்கேற்றனர். அவர்களுள் இருவர் முன்னோடிகள்.

* மார்செல் டூஷாம்: 1920களில் செய்யப்பட்ட, மின்னோடியால் சுழலும் அரைக்கோளம் வைக்கப்பட்டது. அதன் மேல் வரையப்பட்ட வளையங்கள் சுழலும்போது உள்ளும் புறமும் துடிப்பதுபோல் தோன்றும்.
* அலெக்சாண்டர் கால்டர்: மெல்லிய கம்பிகளில் தொங்கி, காற்றில் அசையும் உலோகத் தகடுகளைக் கொண்ட தொங்கு சிற்பங்கள்.
* யாகோவ் ஆகம்: பார்வையாளர் தாமே மாற்றியமைக்கக்கூடிய ஓவியங்கள்.
* போல் புரி: அச்சின்மீது திருப்பக்கூடிய வண்ணப் பலகைகள்.
* ஹெசூஸ் ரஃபயேல் சோட்டோ: ஒன்றன்முன் ஒன்றாக வைக்கப்பட்ட ஒளி ஊடுருவும் தகடுகளில் வரையப்பட்ட கோடுகள். பார்வையாளர் நகரும்போது கோடுகள் அதிர்வதுபோல் தோன்றும்.
* ஜான் டிங்கெலி: மின்னோடியால் வெவ்வேறு வேகங்களில் சுழலும் வடிவங்கள் கொண்ட பலகைகள், தாமே ஓவியம் வரையும் இயந்திரங்கள்.
* விக்டர் வசரேலி: அடுக்கடுக்கான தளங்களில் அமைந்த, பார்க்கும் கோணத்திற்கேற்ப மாறும் படைப்புகள்.
* ராபர்ட் யாக்கோப்சன்: இரும்புச் சிற்பங்கள்.

கண்காட்சியை ஒட்டி மஞ்சள் நிறத் தாளில் ஒரு வெளியீடு அச்சிடப்பட்டது. வசரேலி, ஹுல்தேன், விமர்சகர் ரோஜே போர்தியே ஆகியோர் அதில் எழுதினர். பின்னாளில் இது "மஞ்சள் அறிக்கை" என்று பெயர்பெற்றது. கலைப்படைப்பு என்பது முடிந்துபோன ஒரு பொருள் அல்ல, காலத்தோடு சேர்ந்து மாறுவது என்னும் கருத்து அதில் முன்வைக்கப்பட்டது. சுவரில் தொங்கும் ஓவியத்தைக் கைகட்டி நின்று பார்த்துப் பழகியவர்கள், இங்கு படைப்புகளைத் தொடவும் திருப்பவும் பொத்தானை அழுத்தவும் வேண்டியிருந்தது.

இக்கண்காட்சி பலருக்குத் தொடக்கப் புள்ளியாயிற்று. பங்கேற்ற இளைஞர்களுள் ஆகம், சோட்டோ, டிங்கெலி, புரி ஆகிய நால்வரும் பின்னர் உலகப் புகழ் பெற்றனர். ஹுல்தேன் 1961 ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமிலும் ஸ்டாக்ஹோமிலும் நடைபெற்ற மாபெரும் இயங்கு கலைக் கண்காட்சியை ஒருங்கிணைத்தார். 1977 இல் திறக்கப்பட்ட பாரிசின் போம்பிடு மையத்தில் அமைந்த தேசிய நவீன கலை அருங்காட்சியகத்தின் இயக்குநராகவும் அவர் பணியாற்றினார்.

மோன்றியானும் கிழக்கு ஐரோப்பிய முன்னோடிகளும்

நெதர்லாந்து ஓவியர் பீட் மோன்றியான் தம் வாழ்நாளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாரிசில் வாழ்ந்தவர். நேர்கோடுகளும் சிவப்பு, மஞ்சள், நீல வண்ணங்களும் கொண்ட அவரது ஓவியமுறை அந்நகரிலேயே முழு வடிவம் பெற்றது. ஆயினும் 1944 இல் அவர் நியூயார்க்கில் இறக்கும்வரை பிரான்சில் அவருக்கெனத் தனிக் கண்காட்சி எதுவும் நடைபெறவில்லை. இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1957 ஆம் ஆண்டில் டெனீஸ் ரெனே அதனை நடத்தினார். நெதர்லாந்து அருங்காட்சியகங்களின் உதவியுடன் படைப்புகள் இரவலாகப் பெறப்பட்டன. இரவலாக வந்த ஓவியங்களை விற்க இயலாது என்பதால், ஒரு தனியார் கலைக்கூடத்திற்கு இத்தகைய கண்காட்சியால் நேரடி வருவாய் இல்லை. பிரான்சின் பொது அருங்காட்சியகம் ஒன்றில் மோன்றியானின் பெரும் கண்காட்சி நடைபெற மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அது 1969 ஆம் ஆண்டில் ஒரான்ஜரி அருங்காட்சியகத்தில் நடைபெற்றது.

1957 ஆம் ஆண்டின் இறுதியில் போலந்து நாட்டு அரூபக் கலை முன்னோடிகளின் கண்காட்சி தொடங்கியது. காசிமிர் மாலேவிச், விளாதிஸ்லாவ் ஸ்த்ஷெமின்ஸ்கி, கத்தாசினா கோப்ரோ, ஹென்றிக் பெர்லெவி, ஹென்றிக் ஸ்தாஷெவ்ஸ்கி ஆகியோரின் படைப்புகள் இதில் இடம்பெற்றன. ஸ்த்ஷெமின்ஸ்கியும் கோப்ரோவும் சோசலிச யதார்த்தவாதம் கட்டாயமாக்கப்பட்ட காலத்தில் ஒதுக்கப்பட்டு, 1950களின் தொடக்கத்தில் வறுமையில் இறந்தவர்கள். ஸ்டாலின் மறைவுக்குப் பின் போலந்தில் ஏற்பட்ட தளர்வே இக்கண்காட்சியைச் சாத்தியமாக்கியது. 1960 ஆம் ஆண்டில் ஹங்கேரியக் கலைஞரும் கவிஞருமான லாயோஷ் கஷாக்கின் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. பௌஹவுஸ் பள்ளியில் ஆசிரியராக இருந்து பின்னர் அமெரிக்காவில் குடியேறிய ஜோசப் ஆல்பர்ஸின் ஓவியங்களையும் பாரிஸ் மக்கள் 1957 இல் இங்குதான் கண்டனர்.

1960கள்

1960 ஆம் ஆண்டில் பாரிசில் "காட்சிக் கலை ஆய்வுக் குழு" உருவானது. பிரெஞ்சு முதலெழுத்துகளால் இது "கிராவ்" எனப்பட்டது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹூலியோ லெ பார்க், ஒராசியோ கார்சியா ரொஸ்ஸி, ஸ்பெயினில் பிறந்த பிரான்சிஸ்கோ சொப்ரினோ, பிரான்சைச் சேர்ந்த பிரான்சுவா மொரெல்லே, ஜோயல் ஸ்டைன், வசரேலியின் மகனான இவரால் ஆகியோர் இதன் உறுப்பினர்கள். கலைஞரின் தனி மேதைமை என்னும் கருத்தை மறுத்து, கூட்டு ஆய்வையும் பார்வையாளரின் பங்கேற்பையும் இவர்கள் வலியுறுத்தினர். டெனீஸ் ரெனே இக்குழுவினருக்கு இடமளித்தார். கலைச் சந்தையையே கேள்விக்குள்ளாக்கிய ஒரு குழுவுக்கு ஒரு கலைக்கூடம் ஆதரவளித்தது குறிப்பிடத்தக்கது.

1964 ஆம் ஆண்டின் இறுதியில் "அசைவு 2" என்னும் பெரிய கண்காட்சி நடைபெற்றது. முதல் கண்காட்சியில் எட்டுப் பேரே பங்கேற்றிருக்க, இதில் பல நாடுகளைச் சேர்ந்த பெரும் எண்ணிக்கையிலான கலைஞர்கள் இடம்பெற்றனர். 1965 இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் ஆப் ஆர்ட் படைப்புகளைத் திரட்டிப் பெரும் கண்காட்சி ஒன்றை நடத்தியது. டெனீஸ் ரெனே ஆதரித்த கலைஞர்கள் பலர் அதில் பங்கேற்றனர். 1966 ஆம் ஆண்டு வெனிஸ் ஈராண்டுக் கலை விழாவில் ஓவியத்திற்கான பெரும் பரிசு லெ பார்க்குக்குக் கிடைத்தது. 1967 இல் பாரிஸ் நகர நவீன கலை அருங்காட்சியகத்தில் "ஒளியும் அசைவும்" என்னும் கண்காட்சி நடைபெற்றது. வெனிசுவேலாவின் கார்லோஸ் குரூஸ்-தியெஸ், ஹங்கேரியில் பிறந்த நிக்கொலா ஷொஃபர் ஆகியோரும் டெனீஸ் ரெனே கூடத்துடன் தொடர்புடைய முக்கியக் கலைஞர்களாவர்.

பல படிகளாக வெளியிடப்பட்ட படைப்புகள்

ஒரே ஒரு மூலப்படைப்பு, அதனை வாங்க வல்ல ஒரே ஒரு செல்வந்தர் என்னும் முறையை மாற்ற வேண்டும் என்பது வசரேலியின் நெடுநாள் எண்ணம். நூலும் இசைத்தட்டும் பல படிகளாக மக்களைச் சென்றடைவதுபோல் கலைப்பொருளும் சென்றடைய வேண்டும் என அவர் கருதினார். 1966 ஆம் ஆண்டில் டெனீஸ் ரெனே, சேன் ஆற்றின் இடது கரையில் சேன் ஜெர்மேன் பெருஞ்சாலையின் 196 ஆம் எண்ணில் இரண்டாவது கூடத்தைத் திறந்தார். ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிட்ட வண்ணப் படங்களும், குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஒரே வடிவில் செய்யப்பட்ட சிறு சிற்பங்களும் இங்கு விற்கப்பட்டன. "மல்டிப்பிள்" என்று அழைக்கப்பட்ட இவ்வகைப் படைப்புகள், மூலப்படைப்பின் விலையைவிட மிகக் குறைந்த விலையில் கிடைத்தன.

வடிவியல் கலை இம்முறைக்கு இயல்பாகவே பொருந்தியது. தூரிகையின் தனித்த தடம் இல்லாத, தெளிவான விளிம்புகளும் சமமான வண்ணப் பரப்பும் கொண்ட ஓவியத்தை அச்சில் கொண்டுவரும்போது இழப்பு குறைவு.

பாரிசுக்கு வெளியே

1960களின் பிற்பகுதியில் ஜெர்மானியக் கலைக்கூட உரிமையாளர் ஹான்ஸ் மாயருடன் இணைந்து கிரேஃபெல்ட், பின்னர் டுசல்டார்ஃப் நகரங்களில் டெனீஸ் ரெனே கூடங்களை நடத்தினார். 1971 இல் நியூயார்க்கில் ஒரு கிளை திறக்கப்பட்டது. அமெரிக்கச் சந்தையில் அப்போது பாப் கலையும் மினிமலிசமும் ஆட்சி செலுத்தின. ஆப் ஆர்ட் கண்காட்சிக்குப் பின் அதன் கோடுகளும் கட்டங்களும் துணிகளிலும் விளம்பரங்களிலும் தாராளமாகப் படியெடுக்கப்பட்டு, விரைவில் பழைய மோஸ்தராகக் கருதப்பட்டன. நியூயார்க் கிளை 1981 இல் மூடப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், எல்லாவற்றுக்கும் தொடக்கமான லா போயெசி தெருக் கூடமும் மூடப்பட்டிருந்தது. சேன் ஜெர்மேன் கூடம் மட்டும் தொடர்ந்து இயங்கியது.

விமர்சனங்கள்

டெனீஸ் ரெனேயின் உறுதியே அவரது குறையாகவும் சுட்டப்பட்டது. வடிவியல் ஒழுங்கிற்கு வெளியே உள்ள கலையை அவர் ஏற்கவில்லை என்பது முதன்மையான விமர்சனம். பழைய இரும்பையும் நகைச்சுவையையும் நோக்கி நகர்ந்த டிங்கெலி, 1959 இல் தம் புகழ்பெற்ற ஓவியம் வரையும் இயந்திரங்களை ஈரிஸ் கிளேரின் கலைக்கூடத்திலேயே காட்சிக்கு வைத்தார். 1960 இல் பாரிசில் தோன்றிய புதிய யதார்த்தவாதிகள் குழுவில் அவர் இணைந்தார். இவ்வாறு தாம் முதலில் இடமளித்த கலைஞர் ஒருவரின் மிகச் சிறந்த காலம் வேறிடத்தில் கழிந்தது.

பல படிகளாக வெளியிடும் முறையும் விமர்சனத்திற்கு உள்ளானது. கலையை மக்களிடம் கொண்டுசெல்லும் முயற்சி, நடைமுறையில் நடுத்தர வகுப்பினரின் வரவேற்பறை அலங்காரமாக முடிந்தது என்றும், வசரேலியின் அச்சுப்படங்கள் அளவுக்கு மீறிப் பெருகியதால் அவரது மதிப்பே குறைந்தது என்றும் கூறப்பட்டது. மறுபுறம், சந்தையின் போக்கு மாறியபோதெல்லாம் தாமும் மாறாமல், இழப்பைத் தாங்கித் தம் கலைஞர்களுடன் நின்றார் என்பதை அவரது எதிர்ப்பாளர்களும் மறுக்கவில்லை.

இறுதிக் காலமும் அங்கீகாரமும்

1991 ஆம் ஆண்டில், 78 ஆம் வயதில், பாரிசின் மாரே பகுதியில் ஷார்லோ தெருவின் 22 ஆம் எண்ணில் புதிய கூடம் ஒன்றைத் திறந்தார். 2001 ஆம் ஆண்டில் போம்பிடு மையம் இவரது பணியை மையமாகக் கொண்டு சிறப்புக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. 1944 முதல் 1978 வரையான கூடத்தின் வரலாறு அதில் எடுத்துரைக்கப்பட்டது. அதன் தலைப்பில் இவருக்கு "அஞ்சாதவர்" என்னும் அடைமொழி வழங்கப்பட்டது. தேசிய அருங்காட்சியகம் ஒன்று கலைஞருக்கு அல்லாமல் கலைக்கூட உரிமையாளருக்கு இத்தகைய சிறப்புச் செய்வது அரிதாகும். ஒரு காலத்தில் பிரான்சின் அருங்காட்சியகங்கள் கவனிக்கத் தவறிய கலைஞர்களை நாட்டுக்கு அறிமுகப்படுத்தியவர் என்ற முறையில் இது காலந்தாழ்ந்த ஏற்பாகவும் அமைந்தது.

டெனீஸ் ரெனே 2012 ஆம் ஆண்டு ஜூலை 9 ஆம் நாள் தமது 99 ஆவது வயதில் பாரிசில் காலமானார். போருக்குப் பிந்தைய பாரிசில் புதிய கலையை ஆதரித்த ஜான் புஷே, கொலெத் அலாந்தி, லிதியா கோன்ட்டி, ஈரிஸ் கிளேர் ஆகிய பெண் கலைக்கூட உரிமையாளர்களின் வரிசையில், மிக நீண்ட காலம் பணியாற்றியவராக இவர் நினைவுகூரப்படுகிறார்.

முக்கியமான கண்காட்சிகள்

* 1944 – விக்டர் வசரேலி: வரைபடங்களும் வரைகலைப் படைப்புகளும்
* 1951 – கிளார் ஃபார்ம் (வட ஐரோப்பிய நகரங்கள்)
* 1955 – அசைவு
* 1957 – பீட் மோன்றியான் (பிரான்சில் முதல் தனிக் கண்காட்சி)
* 1957 – போலந்து அரூபக் கலை முன்னோடிகள்
* 1960 – லாயோஷ் கஷாக்
* 1964 – அசைவு 2